கடற்கரை ஆய்வுகளைக் கரையில் வேலை பார்ப்பவர்களும் செய்யட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுழைவுத் தேர்வு, உதவித்தொகை பற்றியெல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் கல்வி, உடல்நலம், சமூகம் சார்ந்த துறைகளில் ஆய்வு செய்யக்கூடிய பலர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள். அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பாம்பன் பக்கம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாகக் கல்வியியலில் பிஎச்டி செய்கிறவள் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடலுக்கு ஆய்வு புதிதல்ல. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே 1971 வரை பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில்தான் இருந்தது. மீனுக்கும் கடல்பாசிக்கும் கிடைத்த அந்த அக்கறை, இதே கரையில் வளரும் பிள்ளைகளின் படிப்புக்கும் கிடைக்க வேண்டாமா?

வெளியூரிலிருந்து வினாநிரலோடு வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'மாத வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் மீனவர் வீட்டில் என்ன சொல்வார்கள்? வலையில் கிடைக்கும் மீனைப் பொறுத்துத்தான் அவர்களுக்குப் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் போகிறவருக்கு அதுவும் கிடையாது. பள்ளி திறப்பது ஜூனில். நோட்டு, பை, மேல்படிப்புக் கட்டணம் எல்லாம் கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். பத்தாம் வகுப்பு முடித்த பையன் பதினொன்றில் சேராமல் போவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், அம்மா பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுகிறாள். வருகைப் பதிவேட்டில் அது வெறும் ஆப்சென்ட். அந்தப் பதிவேட்டையும் பாசி எடுக்கப் போகும் நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க, இரண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

உடல்நலத்திலும் இதே கதைதான். மனநோயாளிகளைத் தர்காவுக்கு அழைத்து வரும் எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். நோயாளியோடு ஊர்விட்டு ஊர் வந்து தங்கும் குடும்பங்களை மனம்விட்டுப் பேச வைக்க, அங்கேயே ஆண்டுக்கணக்கில் வேலை பார்க்கும் செவிலியரால்தான் முடியும். அந்தச் செவிலியர் ஏன் முனைவர் ஆகக் கூடாது?

விதி தடுக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. ஆறு ஆண்டு அவகாசம், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு, 240 நாள் மகப்பேறு விடுப்பு என்று எல்லாம் உண்டு. சிக்கல் நடைமுறையில். வேலை கொடுத்த துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் சேர்க்கையே முடிந்துவிடுகிறது. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 ஆய்வு மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் அதிகபட்சம் வழிகாட்டலாம். யாரிடம் இடம் காலி என்பதை ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சரி, கைடு கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆய்வின் தொடக்கத்தில் படித்து முடிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க் வகுப்பு வார நாளில் காரைக்குடியிலோ மதுரையிலோ நடந்தால், பாம்பனில் பாடம் நடத்துகிறவர் எப்படிப் போவார்?

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்குக் கடல்சார் துறை வளாகம் இருக்கிறது. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. கோர்ஸ் ஒர்க்கைச் சனிக்கிழமைகளிலும் கோடை விடுமுறையிலும் இந்த இரண்டு ஊர்களில் ஏதாவது ஒன்றில் நடத்தலாம். காலியிடங்களை வழிகாட்டிகளின் பெயரோடு ஆண்டுதோறும் வெளியிடலாம். தடையின்மைச் சான்றுக்குத் துறைகள் ஒரு கெடு வைக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் கரையைப் பற்றிய ஆய்வின் வாய்மொழித் தேர்வு முடிந்ததும், ஆய்வாளர் அந்த ஊருக்கு வந்து, பதில் சொன்ன தாய்மார்களை உட்கார வைத்துக் கண்டறிந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். பட்டம் வழங்கும் முன் இதையும் ஒரு நிபந்தனையாக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்