திண்ணைக்குக் காவி

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்த செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே நலம், தம்பி வீட்டுத் திருமணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. இனி உன் திண்ணை விஷயத்துக்கு வருகிறேன்.

புதுப்பிக்கும் தரைக்குப் பெயிண்ட் போதுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். மண்ணிலிருந்து ஈரம் ஏறும் தரையில் பெயிண்ட் நிலைப்பது அரிது. பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். நிறம் சிமெண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் காவித் தரையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? தேய்ந்தாலும் அடியிலிருந்து அதே சிவப்புதான் வரும்.

காவி என்பது இரும்பு ஆக்சைடு. வெயிலும் சிமெண்டின் காரத்தன்மையும் அதை ஒன்றும் செய்வதில்லை. இரும்பு ஆக்சைடிலேயே மஞ்சளும் கறுப்பும் உண்டு. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. நீலத்தை மட்டும் யோசித்து வாங்கு. கோபால்ட் நீலம் நிற்கும், விலை அதிகம். பிரஷ்யன் நீலம் காரத்தில் வெளிறிவிடும். எந்தப் பொடியானாலும் சிமெண்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டாதே, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோ. அதற்கு மேல் போட்டால் நிறம் பெரிதாக ஏறாது, பலம்தான் குறையும்.

திண்ணை முழுவதற்கும் வேண்டிய சிமெண்டையும் காவியையும் உலர்வாக ஒரே தடவையில் கலந்து சலித்து வைத்துக்கொள்ளச் சொல். தண்ணீரும் ஒரே அளவாக இருக்கட்டும். நீர் கூடிய இடம் வெளுத்துத் தெரியும். நாலடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரித்தால் வெடிப்பு கண்டபடி ஓடாது.

கொத்தனாரின் கைத்திறமை தெரிவது இதற்குப் பிறகுதான். கலவையைப் பரப்பியபின் மேலே கசிந்து நிற்கும் நீர் தானாக வற்ற வேண்டும். அவசரப்பட்டு அதன்மேல் காய்ந்த சிமெண்டைத் தூவினால் மேல்தோல் மட்டும் முந்தி இறுகி, மயிரிழை வெடிப்புகள் வலைபோல விரியும். விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்: தடம் பதிய வேண்டும், விரல் புதையக் கூடாது. அந்தப் பதத்தில் இரும்புக் கரணையைச் சற்றே சாய்த்து, அழுத்தி, திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கரணையின் ஓசை மாறும்; தரையில் ஆள் நிழல் தெரியத் தொடங்கும். பதம் தவறினால் எந்த மெருகும் அதை ஈடுகட்டாது. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது நிதானமான கொத்தனாரைப் பிடி.

மறுநாள் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்து. ஈரச்சாக்கு வேண்டாம், திட்டுத் திட்டாகத் தடம் விழும். நன்றாக உலர்ந்தபின் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய். முதலில் வெண்மையாக உப்புப் பூத்தால் பயப்படாதே. உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெளியே வந்து காற்றோடு சேர்வதால் வருவது அது, கழுவக் கழுவக் குறையும். எலுமிச்சையும் புளியும் சிந்தினால் உடனே துடைத்துவிடு. ஆசிட் மட்டும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

கொல்லையில் இருக்கும் பழைய சிமெண்ட் தளத்தை உடைக்காதே. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால், முதலில் பச்சை காட்டிப் பிறகு துருவின் செம்மையாக மாறும். நிறம் சீராக வராது, திட்டாகத்தான் வரும். எனக்கு அதுதான் அழகு. முதலில் ஒரு மூலையில் தெளித்துப் பார். பூந்தொட்டிகளையும் துணிமணிகளையும் தள்ளி வை, கறை போகாது.

கொத்தனார் வரும் தேதி முடிவானதும் எழுது. கரணை பிடிக்கும் நாளில் நானும் அங்கே இருக்க விரும்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்