ஞாயிறு காலை தண்ணீர் ராக்கெட்: பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு, பிள்ளைகள் செய்த தண்ணீர் ராக்கெட்டுகளை நம் பின்பக்க மைதானத்தில் விட்டுப் பார்க்கிறோம்.

1. கோலா, சோடா வந்த 2 லிட்டர் பாட்டில் மட்டும் கொண்டு வாருங்கள். குடிதண்ணீர் பாட்டில் மெலிசு, அழுத்தம் தாங்காது.

2. மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர்; மீதியில் அடைபட்ட காற்றுதான் தண்ணீரைக் கீழே தள்ளி ராக்கெட்டை ஏற்றுகிறது, அதனால் முழுக்க நிரப்பினால் எழும்பவே எழும்பாது.

3. பம்பு அடிப்பது பெரியவர்கள் மட்டும், 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். அப்புறம், காற்று நிரப்ப பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம், வெடித்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும்.

4. ராக்கெட் விடும்போது பிள்ளைகள் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்த சைக்கிள் பம்பு யாரிடமாவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள், அது இல்லாமல் ஆரம்பிக்க மாட்டேன்.