நீல வாளியின் மூக்கு

முள்ளியவளை,
வைகாசி

அன்பு மகளுக்கு,

பெரியம்மா நேற்று தொலைபேசியில் உன்னைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தா. "வன்னியிலிருந்து போன பிள்ளை, எங்கட சனம் பட்ட பாட்டைக் கீறாமல் பூனையையும் கோழியையும் வைத்துப் பகிடி காட்டுறாளே" என்பதுதான் குறை. ரொறன்ரோவில் நீ கீறின படங்களைப் பார்க்க வந்த எங்கட ஆக்களும் அதையே சொன்னார்களாம். இரண்டு மாதமாக நீ ஒன்றும் கீறவில்லை என்று தம்பி சொன்னான். அதுதான் எழுதுகிறேன்.

2009இல், சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், உனக்கு ஒன்பது வயது. தண்ணீர் பவுசர் வரும்வரை வாளிகளை வரிசையில் வைத்துவிட்டு வெயிலில் நிற்போம். நீ பிஸ்கட் பெட்டி மட்டையில் கரித்துண்டால் அந்த வரிசையைக் கீறினாய். ஆட்கள் இல்லை, வாளிகள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரின் முகம். பிடி கழன்ற வாளிக்கு ஒற்றைக் காது. எங்கள் நீல வாளிக்கு என் மூக்கு. பக்கத்துத் தறப்பாளில் இருந்த அக்கா, இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு வந்தவ, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. அழுகிறாவாக்கும் என்று பயந்துபோனேன். சிரித்திருக்கிறா.

அந்த மட்டையைப் பறித்து அடுப்பில் வைத்தவன் நான்தான். "செத்தவீட்டில் பகிடியா?" என்று வேறு கேட்டேன். நீ மறந்திருப்பாய். பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இத்தனைக்கும் நான் கோவலன் கூத்தில் கண்ணகிக்கு ஆடினவன். "மீசை முளைத்தவன் சீலை கட்டுறான்" என்று மாமாமார் சிரிக்க, ஒரு வருசம் ரோசத்தில் பாண்டியனுக்கு ஆடப் போனேன். முடி மினுங்கியது, உடுப்பு மினுங்கியது. கால்தான் வரவில்லை. அரசன் வரவுக்கு எட்டி மிதிக்க வேண்டிய இடத்தில் அது சிலம்பு கட்டின கால் மாதிரியே போனது. கூத்துப் பழக்கின அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, "தம்பி, நீ போய்ச் சீலையைக் கட்டு" என்றார். கட்டினேன். மூத்த மாமா சாகும்வரை என் கூத்துப் பார்க்க வரவில்லை. சரி, அது அவர் பாடு.

முள்ளிவாய்க்காலைக் கீறுகிறவர்கள் கீறட்டும், அதுவும் வேண்டும்தான். உனக்கும் ஒருநாள் வந்தால் கீறு. பெரியம்மாவுக்காகக் கீறினால் அது நான் ஆடின பாண்டியன் போலத்தான் இருக்கும்.

காட்டா விநாயகர் கோயிலில், பொங்கலுக்காகக் கடல்நீரில் ஏற்றின உப்புநீர் விளக்கு எரிகிறது. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஊரே திரளும். முழங்கால் நோவோடு ஒரு பெடியனுக்குக் கண்ணகி நடை பழக்கிக்கொண்டிருக்கிறேன். அவனுக்கும் வீட்டில் ஏச்சுத்தான்.

நேரம் இருந்தால் அந்த வாளி வரிசையை இன்னொரு தரம் கீறி அனுப்பு. அம்மா பார்க்கவில்லை. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாகப் போடு.

அப்பா