பச்சையும் நீலமும் சேராது: இணைய நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைகளான ஃபைபரை ஒட்டி இணைக்கும் ஸ்ப்ளைசிங் வேலையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். கேபிளை இழுக்கவும் புதைக்கவும் நீங்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, கேபிளின் நுனியில் உள்ள செருகியான கனெக்டரின் முனைக்கும் காட்ட வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு வீட்டில் இணையம் அடிக்கடி அறுந்தது. மழையைக் காரணம் சொல்லி, முன்பு வந்தவர்கள் இரண்டு முறை மோடத்தை மாற்றியிருந்தார்கள். வரும் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டர் மைனஸ் 26 டிபிஎம் காட்டியது; மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல் என்று பொருள். பரவலாகப் புழங்கும் பி பிளஸ் வகை ஜிபான் (வீட்டு ஃபைபர் முறை) மோடத்துக்கு மைனஸ் 27தான் எல்லை; ஒளி அதற்கும் மங்கினால் இணைப்பு நிற்காது. சுவர்ப் பெட்டியைத் திறந்தால், கேபிளின் பச்சைக் கனெக்டரும், அங்கிருந்து மோடத்துக்குப் போகும் பேட்ச் கார்டு என்ற குட்டை வடத்தின் நீலக் கனெக்டரும், இரண்டையும் இணைக்கும் ஒரே அடாப்டரில் எதிரெதிராகச் செருகப்பட்டிருந்தன.

பச்சைக் கனெக்டரின் முனை, எதிரொளிக்கும் ஒளி வந்த வழியே திரும்பாதிருக்க, 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது. வெளி அளவு ஒன்றே என்பதால் இரண்டும் தடையின்றிப் பொருந்திவிடுகின்றன. உள்ளேயோ கண்ணாடி முனைகள் சரியாகத் தொடாமல் நடுவில் காற்று நின்றுவிடுகிறது. மோடத்தின் துளை நீலமாக இருந்ததால், ஒரு முனை பச்சையும் மறுமுனை நீலமுமான பேட்ச் கார்டைப் போட்டேன். மீட்டர் மைனஸ் 20க்கு வந்தது. அந்த வீட்டுப் பிள்ளை மூன்று வாரம் இணைய வகுப்பைத் தவறவிட்டிருந்தாள் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தூசியும் இதே போன்ற கேடுதான். ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9 மைக்ரான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. மூடியைக் கழற்றி, விரலால் தொட்டு, சட்டையில் துடைத்துச் செருகும் ஒரு முனை, எதிர்முனையையும் அழுக்காக்கி, அழுந்தும்போது கீறியும் விடுகிறது. கீறல் விழுந்த பிறகு எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

இணைப்பு எண்ணிக்கைக்கு மட்டும் கூலி தருவதால், துடைக்கும் ஒரு நிமிடத்தைச் செலவிட யாருக்கும் மனம் வருவதில்லை. தம்பிகளை மட்டும் குறை சொல்ல நான் தயாரில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் துடைக்கும் பேனா, முனை பார்க்கும் நுண்ணோக்கி, பவர் மீட்டர் ஆகிய மூன்றையும் வழங்குங்கள். மீட்டர் அளவைக் குறித்த பிறகே இணைப்பு முடிந்ததாகக் கணக்கில் கொள்ளுங்கள். ஃபைபரில் வரும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதையும், ஆகவே மீட்டரில் ஒளி இல்லை என்று உறுதிசெய்யாமல் நுண்ணோக்கியில் கண் வைக்கக் கூடாது என்பதையும், புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே கற்றுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்ப்ளைசிங் தொழிலாளி,
தஞ்சாவூர்.