கொசு விரட்டி டியூபின் பின்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கொசு விரட்டி கிரீம் வந்துவிடுகிறது, ஆனால் ராத்திரி படுக்கும்போதுதான் தடவுகிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பதோ பகலில், அதுவும் காலையிலும் சாயங்காலமும் அதிகம்.

என் அக்கா, 'கெமிக்கல் வேண்டாம்' என்று பேரனுக்கு வேப்பெண்ணெயும் சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல் எண்ணெயும் கலந்து பூசுகிறார். சிட்ரோனெல்லாவின் வாசனை சீக்கிரம் ஆவியாகிவிடும், அதோடு பாதுகாப்பும் போச்சு. இயற்கை என்பதாலேயே குழந்தைக்கு ஆகும் என்றும் இல்லை. இன்னொரு இயற்கை விரட்டியான லெமன் யூகலிப்டஸ் எண்ணெயை 3 வயதுக்குக் கீழ் பூசக்கூடாது என்கிறார்கள்.

எல்லோரும் பயப்படும் டீட் (DEET) என்ற கொசு விரட்டி ரசாயனம், 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது, 1957 முதல் பொதுமக்களும் தடவி வருகிறார்கள். அது கொசுவைக் கொல்லாது, நம்மைக் கண்டுபிடிக்க விடாமல் குழப்பும், அவ்வளவுதான். சதவீதம் கூடினால் நேரம் நீளுமே தவிர, விரட்டும் வேகம் கூடாது. வாட்ச் கண்ணாடி பிளாஸ்டிக் என்றால் அதைக் கெடுத்துவிடும், இது சொந்த அனுபவம்! அதற்காகத் தோலையும் அரித்துவிடும் என்று அர்த்தமில்லை.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வேண்டாம், கொசுவலை போதும். பெரிய பிள்ளைகளுக்கும் உள்ளங்கையில் தடவாதீர்கள், கை நேராக வாய்க்குத்தான் போகும். சன்ஸ்கிரீன் போடுபவர்கள் முதலில் அதைப் போட்டுவிட்டு, அப்புறம் இதைத் தடவலாம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

இதெல்லாம் டியூபின் பின்பக்கம் இருக்கிறது சார், பூதக்கண்ணாடி வைத்தால்தான் படிக்க முடிகிறது. தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன?

– ஒரு வாசகர், திருச்சி