சுப்புவின் வில்லுப்பாட்டும் நினைவில் நிற்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொத்தமங்கலம் சுப்பு என்றதும் பலருக்கும் 'தில்லானா மோகனாம்பாள்' மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தொடர்கதையை 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதியவர், ஜெமினி ஸ்டூடியோவின் நகைச்சுவை நடிகரும்கூட. 1953இல் 'ஔவையார்' படத்தை இயக்கினார். பாட்டும் எழுதினார். 1971இல் பத்மஸ்ரீ பெற்றார்.

எங்களுக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது, காந்தியின் கதையை அவர் வில்லுப்பாட்டாக ஊர் ஊராகச் சொன்னதுதான். அந்தக் கலையை இன்று மேடையேற்றும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில், குடம், உடுக்கை, தாளம் எல்லாம் இருந்தும் கதை எடுபடாமல் போவது பெரும்பாலும் 'ஆமா' போட்டுத் துணைக்குப் பாடும் பின்பாட்டுக்காரரால்தான். கதை சொல்லும் புலவர் வரியை முடித்து மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில் 'ஆமா' விழ வேண்டும். முந்தினால் நகைச்சுவை அமுங்கிவிடும். பிந்தினால் சிரிப்பொலியில் அடுத்த வரி கேட்காது. ஒலிவாங்கியைப் புலவருக்கு மட்டும் வைப்பதும் தவறு. பின்பாட்டுக்கு ஒன்று, குடத்தின் வாயருகே சற்றுத் தள்ளி ஒன்று அவசியம். வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலின் மணியோசை தானாகவே எல்லாவற்றிலும் ஏறிவிடும், அதற்குத் தனியாக வேண்டாம்.

சுப்புவைப் பற்றி எழுதும்போது வில்லுப்பாட்டுக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள்.

வில்லிசை ஆர்வலர்கள்,
நாகர்கோவில்