மூன்று நாள் கொழும்பில் நில்லுங்கள்

கொக்குவில்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் சபா,

நான் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருக்க நல்லூரான் துணை நிற்பான். உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்தது என் பிழைதான். முதலாவது வந்த கிழமை அம்மாவின் திவசம். இரண்டாவது வந்தபோது நான் வீட்டிலேயே இல்லை. எங்கே போயிருந்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

கொழும்பில் நான்கு நாள் நின்றேன். வைத்தியரைப் பார்க்கவில்லை, கந்தோர் எதற்கும் போகவில்லை, விமான நிலையத்தில் எவரையும் வழியனுப்பவும் இல்லை. ஊர் பார்க்கப் போனேன். பேத்தி சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு என்னிடம் வந்து, "அம்மப்பா, நீங்கள் எத்தனை தரம் கொழும்புக்குப் போயிருப்பீர்கள்?" என்று கேட்டாள். நாற்பது தரம் இருக்கும் என்றேன். "அங்கே என்னென்ன பார்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. கடவுச்சீட்டு அலுவலக வரிசை, தூதரகத்து வாசல், கட்டுநாயக்காவில் உன்னையும் தம்பியையும் உள்ளே விட்டுவிட்டு நின்ற கண்ணாடிக் கதவு, இவற்றைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. 1993 இல் தம்பியின் விசாவுக்காகக் கிளாலிக் கடலை இரவில் படகில் தாண்டிப் போனேனே, அப்போது வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் பதினேழு நாள் கிடந்தேன். அந்த லொட்ஜுக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையும் தண்டவாளமும் மட்டுமே இருந்தன. இரவில் அலைச் சத்தம் கேட்கும். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுத்திருந்த நான், ஒரு நாள்கூட அந்தக் கடலைப் போய்ப் பார்க்கவில்லை.

அதனால்தான் போனேன், சபா. போய் வந்த பிறகு உன் கடிதத்தைப் பிரித்து வாசித்தபோது எனக்கு உண்மையில் கோபம் வந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு மனைவி பிள்ளைகளோடு வருகிறாய், மிகவும் நல்லது. ஆனால் கட்டுநாயக்காவில் இறங்கிய அரை மணித்தியாலத்தில் வான் வண்டியில் ஏறி, விடிவதற்குள் யாழ்ப்பாணம் வந்துவிட வேண்டும் என்கிறாய். அது சரிவராவிட்டால் சென்னை போய் அங்கிருந்து பலாலியில் இறங்கலாம் என்கிறாய். பாரிசுக்குப் போனபோது எந்த நூதனசாலைக்கு எத்தனை மணிக்குப் போவது, எந்தப் பாலத்தில் நின்று படம் எடுப்பது என்று ஐந்து நாளுக்கு அட்டவணை போட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பியவன் நீ. அந்த அட்டவணையில் தேநீர் குடிப்பதற்குக்கூட நேரம் குறித்திருந்தாய். எங்கள் கூட்டாளி மீசை அதை வாசிகசாலையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது உனக்கும் தெரியும். அப்படிப்பட்டவன் தன் பிள்ளைகளுக்குத் தன்னுடைய நாட்டின் தலைநகரத்தில் ஒரு நாளேனும் ஒதுக்கவில்லை. வானை மூன்று நாள் தள்ளிப் போடு. மூன்று நாளும் எப்படிப் போக வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

முதல் நாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், தேசிய நூதனசாலைக்குப் போ. 1877 இல் ஆளுநர் கிரெகரி திறந்து வைத்த அந்த வெள்ளைக் கட்டிடத்தையும் முற்றத்து ஆலமரங்களையும் பார்ப்பதற்கே ஒரு மணித்தியாலம் வேண்டும். உள்ளே கண்டியரசரின் சிம்மாசனமும் முடியும் இருக்கின்றன. வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 இல் இறந்துபோன கடைசி அரசனின் ஆசனம் அது. பிரித்தானியர் எடுத்துப் போய் 1934 இல்தான் திருப்பித் தந்தார்கள். பொலன்னறுவைச் சிவன் கோயில்களிலிருந்து எடுத்த வெண்கலச் சிலைகள் வேறு ஒரு பக்கத்தில். அங்கிருக்கும் நடராசரின் முன்னால் நின்றபோது என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன், பேத்தியும் கூப்பினாள்.

ஆனால் நான் உன்னைக் கட்டாயம் பார்க்கச் சொல்வது ஒரு கல்லை. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல்வெட்டு அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று ஒரே கல்லில் மூன்று மொழிகள். கல்லில் உள்ள ஆண்டு 1409. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகளைச் சொல்கிறது. தேனாவரை என்பது நாட்டின் தென்கோடியில் இருக்கும் தெவிநுவரதான். அந்தக் கோயிலை 1588 இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். கல்லோ காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாக, எழுத்துப் பக்கம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்து, 1911 இல் ஒரு பொறியியலாளரின் கண்ணில் பட்டது. எத்தனை வண்டிகளும் எத்தனை மனிதர்களும் அதன் முதுகில் ஏறிப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார். பேத்தி கல்லில் விரல் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த எழுத்து ஏதாவது கிடைக்குமா என்று வரி வரியாகத் தேடினாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒரு 'ன'வைக் கண்டுபிடித்தாள், அதற்குப் பக்கத்தில் ஒரு 'ய'. "அம்மப்பா, இது எங்கட எழுத்து" என்று அவள் சொன்ன குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நீ கவலைப்பட்டு எழுதுகிறாயே, உன் மகனை அந்தக் கல்லின் முன்னால் ஒரு கால் மணித்தியாலம் நிறுத்து. வேறொன்றும் செய்ய வேண்டாம்.

இரண்டாம் நாளைப் புறக்கோட்டைக்கும் கொச்சிக்கடைக்கும் வைத்துக்கொள். பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு வெள்ளெனவே போய்விட வேண்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுவதும் கருங்கல்லில் எடுப்பித்தார். வெளியே கொள்கலன் லொறிகள் துறைமுகத்தை நோக்கி இரைந்துகொண்டு போகின்றன. உள்ளே போனால் கல்லின் குளிர் காலில் ஏறுகிறது, வாய் தானாக மூடிக்கொள்கிறது. உன் தங்கை படித்த மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியையும், இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் பரமேசுவராக் கல்லூரியையும் தந்தவர் கட்டிய கோயில் இது என்று பிள்ளைகளுக்குச் சொல். யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் அந்த இரண்டு இடங்களையும் நான் காட்டுகிறேன்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் வந்து மெழுகுதிரி கொளுத்தும் இடம் அது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அங்கே குண்டு வெடித்தது உனக்குத் தெரியும். நாங்கள் போனபோது ஒரு முதிய பெண், முழங்காலில் நின்றபடி, பக்கத்துப் பலகையில் தன் கைப்பையை இடம் பிடிக்க வைப்பதுபோல் வைத்திருந்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

பிறகு செட்டியார் தெரு வழியாக நடந்து வாருங்கள். நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் தெரு. ஆடிவேல் நாட்களில் நீ வந்தால் தேர் அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவதையும் பார்க்கலாம். இரண்டாம் குறுக்குத்தெருவில் 1908 இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசல், மாதுளம் முத்துக்களை அடுக்கியதுபோல் சிவப்பும் வெள்ளையுமாக எழுந்து நிற்கிறது. கொஞ்சம் தள்ளி, மேட்டில், 1757 இல் வழிபாடு தொடங்கிய ஒல்லாந்தர் தேவாலயம். ஓர் அரை நாளில், கால்நடையாக, இத்தனையையும் பார்க்க எங்களுக்கு வேறு எந்த நகரத்தில் வாய்க்கும்? கூட்டம் நெரியும், பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள். நாட்டாமைகள் என்று சொல்லும் சுமை தூக்குவோர் மூட்டைகளோடு கத்திக்கொண்டு வருவார்கள், உடனே வழிவிட வேண்டும்.

ஓட்டோ விடயத்தில் மட்டும் கவனம். முதல் நாள் கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த ஓட்டோவில் மீற்றர் ஓடவில்லை. வாய் பேசிய காசுக்கு மேல் இன்னொரு மடங்கு கேட்டார், பிள்ளையோடு நடுத்தெருவில் நின்று வாதாட மனமில்லாமல் கொடுத்தேன். அன்றிரவு முழுவதும் அது மனதை அரித்தது. மறுநாள் தொடக்கம் பேத்தி தன் கைபேசியில் பிக்மீ என்ற வாடகை வண்டிச் செயலி வழியாக அழைத்தாள், ஒரு பிரச்சினையும் வரவில்லை. காலி வீதியில் எங்கே போவதென்றாலும் 100 ஆம் இலக்க பஸ் போதும்.

மூன்றாம் நாள் கடலுக்கு. கோட்டையில் கரையோரப் புகையிரதத்தில் ஏறி, தெற்கே போகும்போது வலப்பக்கத்து யன்னலைப் பிடித்து உட்காருங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று ஒவ்வொரு நிலையமாக நிற்கும். தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் சில இடங்களில் கருங்கற்கள் மட்டும்தான். காற்று பலமாக இருந்தால் நீர்த்திவலை முகத்தில் அடிக்கும். வெள்ளவத்தை நிலையத்தில் வண்டி நின்றபோது நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். 1993 இல் பதினேழு இரவு சத்தமாக மட்டும் கேட்ட கடல் அப்படியே முன்னால் கிடந்தது. எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது, சபா! அந்த வயதில் அதை ஒருமுறை போய்ப் பார்த்திருந்தால் அந்த நாட்கள் எனக்கு இத்தனை பாரமாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்து, பொழுது சாயும் நேரத்தில் காலிமுகத்திடலுக்குப் போக வேண்டும். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859 இல் அமைத்து முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணிக்கொள்ளுங்கள் என்று தனக்குப் பின்வரும் ஆளுநர்களைக் கேட்டு அவர் ஒரு கல்லில் பொறித்து வைத்திருக்கிறார். ஓர் ஆட்சியாளன் விட்டுப்போன சொற்களில் இவ்வளவு நல்ல சொற்களை நான் அதிகம் கண்டதில்லை. பட்டங்கள் ஏறுகின்றன, எங்கள் வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு அவை சிறியவைதான், ஆனாலும் கடலுக்கு மேலே அவை தலையாட்டும்போது அழகாக இருந்தன. இறால் வடை கட்டாயம் சாப்பிட வேண்டும். தட்டையான பருப்பு வடையில் முழு இறாலைத் தலையோடு பதித்து, எங்கள் கண் முன்னாலேயே பொரித்து, வெங்காயமும் மிளகாயும் பிசைந்த சம்பலை மேலே வைத்துத் தருகிறார்கள். இறாலின் ஓடு பல்லில் மொறுமொறுவென்று உடைய, மிளகாய் நாக்கைச் சுட, பேத்தி கண்ணீரைத் துடைத்துக்கொண்டே மூன்று சாப்பிட்டாள். உன் மனைவி சுத்தம் பார்ப்பார் என்று தெரியும். எண்ணெய் கொதிக்கும் கடையில் வாங்கினால் பயமில்லை என்று சொல்.

350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தில் ஏறினோம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஒருமுறை போதும். பேரை வாவியில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகை என்ற பௌத்த ஆலயத்தில் மாலையில் அரை மணித்தியாலம் சும்மா இருந்தால் நல்லது. பெரிய அங்காடிகளுக்குள் மட்டும் பிள்ளைகளை விட்டுவிடாதே. அவை நீ இருக்கும் ஊரிலும் உண்டு.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ ஏன் அந்த ஊரில் ஓர் இரவுகூடத் தங்க மறுக்கிறாய் என்பது எனக்குத் தெரியாததல்ல. 1983 ஆடிக் கலவரத்தின்போது அகதிகளோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய உன்னை அழைத்துப்போக நானும் மீசையும் சைக்கிளில் வந்தோம். உன் கையில் ஒரு பிளாஸ்ரிக் வாளி மட்டும் இருந்தது. அதை எங்களிடம் தர மறுத்து, கொக்குவில் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அதை மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

பம்பலப்பிட்டியில் நீ இருந்த ஒழுங்கைக்குப் போனேன். பேத்தியை ஒரு கடையில் இருத்திவிட்டுத் தனியாகத்தான் போனேன். வீடு இல்லை, எட்டு மாடித் தொடர்மாடி நிற்கிறது. ஆனால் ஒழுங்கை முடிவில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில், நீ சொல்லும் அந்தக் கொட்டை மரம் இன்னும் நிற்கிறது. அடியில் இரண்டு சிறுவர்கள் கொட்டை பொறுக்கிக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினேன், பிறகு வைத்துவிட்டேன். நீ வந்து பார்ப்பதாக இருந்தால் பார். வேண்டாம் என்றால் அந்த ஒழுங்கைப் பக்கமே நாங்கள் போக மாட்டோம். உன் பிள்ளைகளுக்கு அந்த ஊர் எரிந்த ஊராக மட்டும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் மனதில் உள்ளது.

நீ தனியாக நிற்க வேண்டியதில்லை. நீ வருவதற்கு முதல் நாள் யாழ்தேவிப் புகையிரதத்தில் நானும் பேத்தியும் வந்துவிடுகிறோம். மூன்று நாளும் கூடவே நிற்பேன். நான்காம் நாள் வானில் அல்ல, எல்லோரும் ஒன்றாகப் புகையிரதத்தில் வடக்கே வருவோம். ஆனையிறவில் உப்பளம் தெரியும்போது உன் மகளை யன்னலோரம் இருத்து. திருவிழாக் காலத்தில் ஆசனம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆகையால் விமானம் இறங்கும் திகதியையும் நேரத்தையும் இந்தக் கிழமைக்குள் எழுது. எத்தனை ரிக்கற் என்பதையும் சரியாக எழுது. உன் மாமியார் வருகிறாரா இல்லையா என்பது இரண்டு கடிதத்திலும் இரண்டு விதமாக இருக்கிறது.

அன்புடன்,
உன் கொக்குவில்காரன்